முதல் இதழுக்கு வந்த கடிதங்கள்

மதுரை,
ஞாயிறு இரவு

அன்புள்ள பாலு,

உன் கடிதம் தை மாதம் வந்தது. இப்போது ஆடி பிறந்துவிட்டது. இத்தனை நாள் பதில் எழுதாததற்கு நீ எவ்வளவு திட்டினாலும் தகும். கமலாவின் முழங்கால் வலி குறைந்ததா? இங்கே எல்லோரும் நலம். சிறியவனுக்குக் கோயம்புத்தூரில் வேலை கிடைத்துவிட்டது. ஐயம்பெருமாள் சாரைச் சென்ற மாதம் பார்த்தேன். உன்னைத்தான் முதலில் விசாரித்தார். அந்த மாங்காய் விஷயத்தை இன்னும் மறக்கவில்லை.

இன்று எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் வேறு. ஒரு விஷயத்தில் உன் யோசனை எனக்கு உடனடியாகத் தேவைப்படுகிறது. அதைச் சொல்வதற்கு முன் இதழின் கதையைச் சொல்லியாக வேண்டும்.

ராணுவ வரலாற்றுக்கென்று தமிழில் ஒரு காலாண்டிதழா, அதை யார் காசு கொடுத்து வாங்குவார்கள் என்று நீ கேட்டிருந்தாய். வாங்கினார்கள், பாலு. சித்திரையில் முதல் இதழ் வந்தது. இந்த மூன்று மாதங்களில் நாற்பதுக்கும் மேற்பட்ட கடிதங்கள் வந்துள்ளன. அவற்றில் பாதி, தாளில் கையால் எழுதி அஞ்சல்தலை ஒட்டி வந்தவை. தங்கராசு ஒவ்வொன்றையும் இரண்டு முறை படித்துவிட்டுத்தான் என்னிடம் தருகிறான். பாராட்டுக் கடிதங்கள் மகிழ்ச்சி தந்தன என்பதை மறைக்க மாட்டேன். ஆனால் தவறு காட்டியவர்களும் சண்டை பிடித்தவர்களும் எழுதிய கடிதங்கள்தாம் இந்த இதழை எப்படி நடத்த வேண்டும் என்பதை எங்களுக்குக் கற்றுக்கொடுத்தன.

திண்டுக்கல்லிலிருந்து ஓய்வுபெற்ற ஹவில்தார் ஒருவர் எழுதியிருந்தார். ரெஜிமெண்ட், பட்டாலியன், கம்பெனி ஆகிய மூன்றையும் 'படைப்பிரிவு' என்று ஒரே சொல்லால் எழுதியிருக்கிறீர்கள், லெப்டினன்டும் உங்களுக்குத் தளபதி, ஜெனரலும் தளபதி, அப்படியானால் யார் யாருக்கு உத்தரவு கொடுத்தார் என்று வாசகன் எப்படிப் புரிந்துகொள்வான் என்று கேட்டார். அவர் கேட்டது முற்றிலும் நியாயம். தூய தமிழில் எழுத வேண்டும் என்ற ஆசையில், படையில் இருந்த தமிழர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் சொற்களையே ஒதுக்கிவிட்டோம். பாலம் கட்டி, கண்ணிவெடி அகற்றிப் படைக்கு வழி அமைக்கும் உங்கள் சாப்பர் படையினரைச் 'சுரங்கப் படையினர்' என்று அச்சிட்டிருந்ததைப் பார்த்து நீயே தொலைபேசியில் கத்தினாயே, அதையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். அடுத்த இதழிலிருந்து பட்டாலியன் பட்டாலியனாகவும் சாப்பர் சாப்பராகவும் இருக்கும்.

பெரும் புயல் எழுந்தது எம்டன் கட்டுரைக்குத்தான். 1914 செப்டம்பர் 22ஆம் நாள் இரவு அந்த ஜெர்மன் கப்பல் சென்னைக்கு வந்து, பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகளைச் சுட்டு எரித்துவிட்டுப் போன கதையைத்தான் அட்டைப்படக் கட்டுரையாக வைத்திருந்தோம். உயர்நீதிமன்ற மதில் சுவரிலுள்ள கல்வெட்டின் படமும் வெளியிட்டோம். நம் விடுதி வார்டனுக்கு நாம் வைத்த பெயரே எம்டன்தானே. அந்தச் சொல் எங்கிருந்து வந்தது என்று எண்பது வயதுக்காரர்கள் முதல் பள்ளிப் பிள்ளைகள் வரை ஆர்வமாகப் படித்திருக்கிறார்கள். காரைக்குடியிலிருந்து பதினொன்றாம் வகுப்பு மாணவி ஒருத்தி, நீங்கள் வரைந்த கப்பலில் நான்கு புகைபோக்கிகள் உள்ளன, உண்மையில் எம்டனுக்கு மூன்றுதான், நான்காவது எதிரியை ஏமாற்றுவதற்காகப் பாய்த்துணியால் கட்டிய போலி என்று எழுதியிருந்தாள். அவள் சொன்னது சரி. அந்தப் போலிப் புகைபோக்கியைக் காட்டி ஆங்கிலேயக் கப்பல்போல நடித்துத்தான் அக்டோபர் 28ஆம் நாள் பினாங்குத் துறைமுகத்துக்குள் நுழைந்து, ரஷ்யாவின் செம்சுக் கப்பலை மூழ்கடித்தார்கள். அவளுடைய கடிதத்தையும் எங்கள் திருத்தத்தையும் முதல் பக்கத்திலேயே போடுகிறோம்.

ஆனால் அதே கட்டுரையில் விடுதலைப் போராட்ட வீரர் செண்பகராமன் பிள்ளை எம்டனில் இருக்கவில்லை என்று நாங்கள் எழுதிய ஒரு பத்தி பலரைப் புண்படுத்திவிட்டது. நாகர்கோவிலிலிருந்து ஒரு பெரியவர் பதினொரு பக்கங்கள் எழுதியிருந்தார். கப்பலில் இருந்துகொண்டு எங்கே குண்டு போட வேண்டும் என்று கேப்டனுக்கு வழிகாட்டியவர் செண்பகராமன்தான் என்று தம் தந்தை மடியில் வைத்துச் சொன்னதாகவும், அதைப் பொய் என்று சொல்வதற்கு உங்களுக்கு யார் உரிமை கொடுத்தார்கள் என்றும் கேட்டிருந்தார். கடிதத்தின் கடைசிப் பக்கத்தில் கையெழுத்தே நடுங்கியிருந்தது.

நான் அவருக்கு உடனே பதில் எழுதினேன். எம்டன் 1914 ஜூலை 31ஆம் நாளே சீனாவிலுள்ள சிங்டாவ் துறைமுகத்தைவிட்டுப் புறப்பட்டுவிட்டது. அந்த ஆண்டு கோடையில் செண்பகராமன் சுவிட்சர்லாந்தின் சூரிச் நகரில் இந்திய விடுதலைக்காக ஒரு குழுவை அமைத்துக்கொண்டிருந்தார். போர் தொடங்கியபின் இலையுதிர் காலத்தில் பெர்லினுக்குப் போய்ச் சேர்ந்தார். நடுக்கடலில் இருந்த ஒரு கப்பலில் அவர் ஏறியிருக்க வழியே இல்லை. இதைச் சொல்லிவிட்டு, அதோடு நிறுத்த எனக்கு மனம் வரவில்லை. திருவனந்தபுரத்தில் 1891இல் பிறந்த ஒரு தமிழ்ப் பையன் பதின்வயதில் ஐரோப்பாவுக்குப் போய், பெர்லினில் இந்தியப் புரட்சியாளர்களோடு நின்று, 1915 டிசம்பரில் காபூலில் அமைந்த தற்காலிக இந்திய அரசின் வெளியுறவு அமைச்சராக அறிவிக்கப்பட்டு, ஊர் திரும்பாமலேயே 1934இல் பெர்லினில் மடிந்தார். அவருடைய அஸ்தியை அவர் மனைவி லட்சுமிபாய் முப்பது ஆண்டுகளுக்கு மேல் பாதுகாத்து, 1966இல் இந்தியக் கடற்படைக் கப்பலில் தாய்நாட்டுக்குக் கொண்டுவந்தார். எம்டன் கதையைவிட இது எவ்வளவு பெரிது, பாலு! சுதந்திர நாட்டின் போர்க்கப்பலில் அவர் வீடு திரும்பினார் என்பதை எழுதும்போது எனக்கே கண் கலங்கியது. இரண்டு வாரம் கழித்து அந்தப் பெரியவரிடமிருந்து ஓர் அஞ்சலட்டை வந்தது. கப்பல் விஷயத்தில் அவர் இன்னும் இறங்கி வரவில்லை. ஆனால் லட்சுமிபாயைப் பற்றித் தனிக் கட்டுரை கேட்டிருக்கிறார். எழுதப் போகிறோம்.

இதில் எனக்கு ஒரு தெளிவு வந்துவிட்டதாக நினைத்தேன். உண்மையைச் சொல், கூடவே அந்த மனிதரின் முழு வாழ்க்கையையும் சொல், வாசகர் ஏற்றுக்கொள்வார் என்று நம்பினேன். அந்த நம்பிக்கையைத்தான் சென்ற வாரம் வந்த கடிதம் அசைத்துவிட்டது.

சிவகங்கைப் பக்கம் ஒரு கிராமத்திலிருந்து ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் எழுதியிருக்கிறார். இரண்டாம் இதழில் இந்திய தேசிய ராணுவத்தைப் பற்றி எழுதப் போகிறோம் என்ற அறிவிப்பைப் பார்த்துவிட்டு எழுதிய கடிதம் அது. அவருடைய தாத்தா நேதாஜியின் படையில் சேர்ந்து பர்மாவில் உயிர்விட்டவராம். தாத்தாவின் படத்தை அந்த இதழில் போட வேண்டும், அவர் எந்தச் சண்டையில் இறந்தார் என்று கண்டுபிடித்துச் சொல்ல வேண்டும் என்று கேட்டிருக்கிறார். அவருடைய அம்மாவுக்கு இப்போது எண்பத்து நான்கு வயது. தந்தை முகத்தைப் பார்த்த நினைவே இல்லாத மகள். பூஜை அறையில் நேதாஜி படத்துக்குக் கீழே தந்தையின் பதக்கத்தை வைத்துத் தினமும் விளக்கேற்றுகிறாராம். வீட்டில் மூத்த பேரனுக்குப் பெயர் சந்திரபோஸ். கடிதத்தோடு மூன்று புகைப்படங்கள் இருந்தன: தாத்தா படம், பதக்கத்தின் படம், படைஎண் எழுதிய ஒரு பழைய தாளின் படம்.

பதக்கத்தைப் பார்த்தவுடனேயே எனக்குத் தெரிந்துவிட்டது. ஆறு முனை நட்சத்திரம். நடுவில் கிரீடமும் மன்னரின் முத்திரை எழுத்துகளும். நாடாவில் நடுவே சிவப்பு, இரு பக்கமும் கருநீலம், அந்த நீலத்தின் ஊடே ஆரஞ்சுக் கோடு. அது பர்மா ஸ்டார். ஆங்கில அரசு தன் பக்கம் நின்று பர்மாவில் போரிட்டவர்களுக்குக் கொடுத்தது. இருந்தாலும் உறுதி செய்துகொள்வதற்காகக் காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் பதிவேட்டில் அந்தப் படைஎண்ணைத் தேடினேன். கிடைத்தது. ரங்கூனுக்கு வடக்கே தாவுக்யானில், உடல் கிடைக்காதவர்களுக்காகக் கட்டிய நினைவுத் தூண்களில் ஏறத்தாழ 27,000 பெயர்கள் வெட்டப்பட்டுள்ளன. அவற்றில் அவர் பெயரும் ஒன்று. அவர் உன் ஆள், பாலு. மதராஸ் சாப்பர்ஸ் அண்ட் மைனர்ஸ். இறந்தது 1945 பிப்ரவரி. பதிவேட்டில் பெயருக்குக் கீழே, இன்னாரின் மகன், இன்னாரின் கணவர், ராமநாதபுரம் மாவட்டம் இன்ன ஊர் என்று அந்தப் பாட்டியின் பெயரும் ஊரின் பெயரும் அச்சாகியிருக்கின்றன. எழுத்துப்பிழையோடுதான், ஆனாலும் அந்தக் கிராமத்துப் பெண்ணின் பெயர் அங்கே இருக்கிறது.

அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. 1945 பிப்ரவரி என்றால் என்ன மாதம் என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஆங்கிலேய ஜெனரல் ஸ்லிம்மின் பதினான்காவது ராணுவம் பர்மாவின் ஐராவதி ஆற்றைக் கடந்த மாதம். பிப்ரவரி 14ஆம் நாள் நியாங்கூவில், ஏறத்தாழ ஒரு மைல் அகலமுள்ள ஆற்றில், எதிர்க்கரையிலிருந்து சுட்டுக்கொண்டிருக்கும்போதே படகுகளில் கடந்தார்கள். அந்த எதிர்க்கரையில் ஜப்பானியர்களோடு யார் இருந்தார்கள்? தில்லான் தலைமையிலான இந்திய தேசிய ராணுவப் படை. மலேயா ரப்பர் தோட்டங்களிலிருந்து ஆயிரக்கணக்கான தமிழர்கள் நேதாஜியின் படையில் சேர்ந்திருந்தார்கள் என்பதை நினைத்துப் பார். இந்தத் தாத்தா அந்த ஆற்றில்தான் இறந்தார் என்று பதிவு சொல்லவில்லை. நானும் சொல்ல மாட்டேன். ஆனால் அந்த மாதம், அந்த நாட்டில், சிவகங்கைச் சீமையிலிருந்து போன ஒருவர் ஒரு படையிலும் அவர் பங்காளி மறுபடையிலும் இருந்திருக்க முழு வாய்ப்பு உண்டு. நம் மக்களுக்கு இந்தக் கதையை யாருமே இப்படிச் சொன்னதில்லை.

இப்போது அந்த அம்மாளுக்கு நான் என்ன பதில் எழுதுவது? தங்கராசு, ஒன்றும் கண்டுபிடிக்க முடியவில்லை என்று எழுதிவிடு, எண்பத்து நான்கு வயதில் அந்த முதியவளின் விளக்கை ஏன் அணைக்க வேண்டும் என்கிறான். அவன் இரக்கத்தால்தான் சொல்கிறான். ஆனால் நாகர்கோவில் பெரியவரிடம் உண்மை பேசிவிட்டு இவரிடம் மறைப்பது என்னால் முடியாத காரியம். அதைவிடப் பெரிய காரணம் ஒன்றும் இருக்கிறது. மறைத்தால், அந்தச் சாப்பர் செய்த வேலையில் மறைக்க வேண்டிய அவமானம் ஏதோ இருக்கிறது என்று நானே தீர்ப்பு எழுதியதாகிவிடும். மழை பொய்த்த ராமநாதபுரத்திலிருந்து சம்பளத்துக்காகப் போனவர் அவர். அந்தப் போரில் சுமார் 25 லட்சம் இந்தியர்கள் அப்படிப் போனார்கள். நேதாஜியின் படையில் முதலில் சேர்ந்தவர்களும் 1942 பிப்ரவரியில் சிங்கப்பூர் வீழ்ந்தபோது சிறைப்பட்ட அதே இந்தியப் படை வீரர்கள்தாமே? அதே சாப்பர் படையில் இருந்துதான் 1944 பிப்ரவரியில் இத்தாலியில் சுபேதார் சுப்ரமணியன், வெடிக்கப்போன கண்ணிவெடிமேல் விழுந்து தன் ஆட்களைக் காப்பாற்றி உயிர்விட்டு, வீரத்துக்கான ஜார்ஜ் கிராஸ் பதக்கம் பெற்றார். அதே படையில்தான் நீயும் இருபத்தாறு ஆண்டுகள் பாலம் கட்டினாய், வெள்ளத்தில் சிக்கிய ஊர்களுக்குப் படகு ஓட்டினாய். உன்னை யாரும் வெள்ளைக்காரனின் ஆள் என்று சொல்லவில்லையே.

இப்படியெல்லாம் எனக்குள் வாதம் செய்துகொள்கிறேன். ஆனால் இந்த வாதங்களைத் தாளில் எழுதி அஞ்சலில் போட்டால் அந்த வீட்டில் அது எப்படி விழும் என்று நினைக்கும்போது கை நின்றுவிடுகிறது. நேரில்தான் போக வேண்டும். முதலில் மகளிடம் தனியாகச் சொல்ல வேண்டும். தாயிடம் சொல்வதா வேண்டாமா என்பதை அவர் முடிவு செய்யட்டும். அவர் வேண்டாம் என்றால் அதோடு திரும்பிவிடுவேன், இதழிலும் ஒரு வரி வராது. சொல்லலாம் என்றால், அதை நான் சொல்லக் கூடாது. வெடிச்சத்தத்தைப் புத்தகத்தில் மட்டும் கேட்ட நான் சொல்வதைவிட, ஒரு சாப்பர் என்ன செய்வான், எல்லோருக்கும் முன்னால் போய் ஆற்றில் ஏன் இறங்குவான், தம்பி என்று உங்கள் எல்லோரையும் ஏன் அழைக்கிறார்கள் என்பதை அந்தப் படையின் உடுப்பைப் போட்டவன் அவர் பக்கத்தில் உட்கார்ந்து சொல்ல வேண்டும்.

ஆகவே நீ வர வேண்டும். வருகிற வெள்ளிக்கிழமை இரவு தூத்துக்குடி எக்ஸ்பிரஸில் ஏறினால் சனிக்கிழமை காலை மதுரையில் இறங்கிவிடலாம். நிலையத்துக்கு நான் வருகிறேன். கமலாவையும் அழைத்து வந்தால் வீட்டில் மகிழ்வார்கள். நான் சொல்வதில் எங்கேயாவது தவறு இருந்தால், தயங்காமல் அதற்குமுன் தொலைபேசியில் சொல்லிவிடு.

இன்னொன்று. புகைப்படத்தில் பார்த்தேன், அந்தப் பதக்கத்தின் நாடா நைந்து நூல்நூலாகத் தொங்குகிறது. பெங்களூரில் பதக்க நாடா விற்கும் கடை உனக்குத் தெரிந்திருக்கும். பர்மா ஸ்டாருக்கு உரிய நாடா கிடைத்தால் ஒரு முழம் வாங்கி வா. அவர்கள் என்ன முடிவு செய்தாலும் அதைக் கொடுத்துவிட்டு வரலாம்.

அன்புடன்,
முத்து