தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டச் சமயப் பெரியோர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய பங்குத்தந்தையர், போதகர்கள், இமாம்கள், ஜமாத் பெரியவர்கள், மடத்துச் சுவாமிகள், கோயில் பூசாரிகள் அனைவருக்கும் வணக்கம்.

நான் தேன்கனிக்கோட்டை வட்டத்தில் கிராம சுகாதாரச் செவிலியராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். உங்களில் பலர் வீட்டுக் குழந்தைகளுக்கு நான்தான் தடுப்பூசி போட்டிருப்பேன். அந்த உரிமையில் எழுதுகிறேன்.

குடும்பக் கட்டுப்பாடு பாவம் என்றும், கருக்கலைப்புச் சட்டம் கொலைக்குக் கொடுத்த லைசென்ஸ் என்றும், நம் ஆட்கள் குறைந்துகொண்டே போகிறார்கள், அதனால் பிள்ளைகளை நிறையப் பெறுங்கள் என்றும் மேடைகளில் பேசக் கேட்கிறேன். மற்ற விஷயங்களில் ஒத்துப்போகாத மதங்கள் இதில் மட்டும் ஒரே குரலில் பேசுகின்றன. 2024 டிசம்பரில் நாக்பூரில் ஆர்.எஸ்.எஸ். தலைவர் மோகன் பாகவத், பிறப்பு விகிதம் ஒரு பெண்ணுக்குச் சராசரியாக 2.1 பிள்ளைக்குக் கீழே போனால் சமூகம் அழிந்துவிடும், மூன்று பிள்ளைகள் வேண்டும் என்றார். கத்தோலிக்கத் திருச்சபை 1968-இல் போப் ஆறாம் பவுல் எழுதிய சுற்றுமடலிலிருந்து இன்றுவரை செயற்கைக் கருத்தடையை ஏற்கவில்லை. உங்கள் கொள்கை சரியா தவறா என்று வாதாட நான் வரவில்லை. கேட்பது ஒன்றுதான். உங்கள் உபதேசம் கேட்பவரின் மனசாட்சியோடு நிற்கட்டும். ஒரு பெண்ணுக்குச் சட்டம் திறந்துவைத்திருக்கும் கதவை மறித்துக்கொண்டு நிற்காதீர்கள்.

உங்கள் சந்தேகத்துக்குக் காரணம் இருக்கிறது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். நெருக்கடி நிலைக் காலத்தில், 1976-77 என்ற ஒரே ஆண்டில், இந்தியாவில் 80 லட்சத்துக்கும் மேற்பட்டவர்களுக்குக் கருத்தடை அறுவை நடந்தது. அதில் கட்டாயத்தால் நடந்தவை ஏராளம். அதை எதிர்த்த சமயத்தவர்கள் செய்தது நியாயம். அதற்கப்புறமும் வெகுகாலம் இத்தனை பேரை அறுவைக்குச் சேர்க்க வேண்டும் என்று செவிலியர்களுக்கு டார்கெட் இருந்தது. 1996-இல்தான் அரசு அதைக் கைவிட்டது. ‘கேஸ் பிடிக்க வந்துட்டாங்க’ என்று எங்களைப் பார்த்துக் கதவைச் சாத்திய வீடுகள் மலைக்கிராமங்களில் உண்டு. அந்தப் பயத்தை நாங்கள்தான் உண்டாக்கினோம்.

ஆனால் நீங்கள் இப்போது எதிர்க்கும் சட்டத்தில் கட்டாயம் என்பதே கிடையாது. 1971-இல் வந்து 2021-இல் திருத்தப்பட்ட கருக்கலைப்புச் சட்டம் யாரையும் கலைக்கச் சொல்லவில்லை. 20 வாரம் வரை ஒரு பதிவுபெற்ற மருத்துவரின் கருத்து போதும்; பலாத்காரத்துக்கு ஆளானவர், 18 வயது நிரம்பாதவர், கர்ப்ப காலத்தில் விதவையானவர் அல்லது விவாகரத்து ஆனவர் போன்றோருக்கு இரண்டு மருத்துவர்கள் கருத்தோடு 24 வாரம் வரை இடமுண்டு. வயது வந்த பெண்ணாக இருந்தால் அவள் கையெழுத்து மட்டும் போதும், கணவன் கையெழுத்து சட்டப்படி தேவையில்லை. யார் வந்தார், எதற்கு வந்தார் என்பதை வெளியே சொன்னால் ஓராண்டு வரை சிறை. ஒரு பெண்ணின் மானத்தை இவ்வளவு கவனமாகக் காக்கும் சட்டத்தை, மானத்தின் பெயராலேயே எதிர்ப்பது எனக்குப் புரியவில்லை.

எதிர்ப்பு பெண்களை எங்கே கொண்டுபோய் விடுகிறது என்று சொல்கிறேன். அஞ்செட்டிப் பக்கம் ஒரு பெண், நான்கு பிள்ளைகள். மாலா-என் கருத்தடை மாத்திரை அட்டையை ராகி மாவு டப்பாவுக்குள் புதைத்து வைத்திருந்தாள். மாமியார் கண்டுபிடித்து அடுப்பில் போட்டுவிட்டார். பாவத்தை வீட்டுக்குள் கொண்டுவந்தாய் என்று ஏச்சு வேறு. ஐந்தாவது தங்கியதும் யாரிடமும் சொல்லாமல், தெரிந்த ஆள் மூலம் மெடிக்கலில் மாத்திரை வாங்கிச் சாப்பிட்டாள். எத்தனை வாரம் என்று பார்க்கவில்லை, கர்ப்பப்பைக்குள்தான் தங்கியிருக்கிறதா என்றும் பார்க்கவில்லை. நான் போனபோது பாயும் அதன்கீழ் போட்ட சாக்கும் நனைந்திருந்தன. கண் இமையைக் கீழே இழுத்துப் பார்த்தால் உள்ளே வெள்ளைக் காகிதம். 108 மலைப்பாதையில் ஏறி வந்து சேர்வதற்குள் இரண்டு முறை மயக்கம் போட்டாள். ரத்தம் ஏற்றிக் காப்பாற்றினார்கள். படுக்கையில் கண் விழித்ததும் அவள் என்னிடம் கேட்டது, ‘சாமி மன்னிக்குமா நர்ஸம்மா?’

அவள் எந்த மதம் என்று சொல்ல மாட்டேன். அந்தக் கேள்வியை எல்லா மதத்துப் பெண்கள் வாயிலிருந்தும் கேட்டிருக்கிறேன். மருந்து கொடுப்பது எங்கள் வேலை. அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டியவர்கள் நீங்கள். அவளிடம் என்ன சொல்வீர்கள்?

அந்தரா என்ற கருத்தடை ஊசிக்கு ஏன் இவ்வளவு பேர் வருகிறார்கள் தெரியுமா? மூன்று மாதத்துக்கு ஒரு தடவை போட்டால் போதும், வீட்டில் ஒளித்துவைக்க அட்டை கிடையாது, அதனால்தான். தன் உடம்பைப் பற்றிய ஒரு முடிவைத் தன் வீட்டுக்குள்ளேயே திருட்டுப்பொருள் மாதிரி மறைக்க வேண்டியிருக்கிறது.

பெண்சிசுவை அழிக்கும் விஷயம் வேறு. அதையும் இதையும் ஒன்றாகப் போட்டுக் குழப்ப வேண்டாம் என்று மன்றாடிக் கேட்கிறேன். நம் மாவட்டங்களின் பெயர் எதற்காகக் கெட்டது என்று உங்களுக்குத் தெரியும். பெண்குழந்தையைக் கொல்லாமல் அரசிடம் ஒப்படைக்க 1992-இல் சேலத்தில் தொடங்கிய தொட்டில் குழந்தைத் திட்டம் 2001-இல் தருமபுரிக்கும் வந்தது என்றால், இங்கே நிலைமை அப்படி இருந்தது. இன்றும் ஏதோ ஒரு வீட்டு மாடியில் கையடக்க ஸ்கேன் மெஷினை வைத்து ஆணா பெண்ணா என்று சொல்லிப் பணம் பறிக்கும் கும்பல்கள் பிடிபடுகின்றன. கருவில் பாலினம் பார்ப்பது 1994-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். அதை நீங்கள் எவ்வளவு உரக்கக் கண்டித்தாலும் நாங்கள் உங்களோடு நிற்போம். ஆனால் எந்தக் காரணத்துக்காக ஆஸ்பத்திரி வாசலை மிதித்தாலும் பாவம் என்று நீங்கள் சொல்லும்போது, பயந்த பெண் போய் நிற்பது அதே புரோக்கரிடம்தான். ரகசியம்தான் அவனுக்கு முதலீடு. அந்த முதலீட்டை நாம் கொடுக்கக் கூடாது.

சட்டத்தைச் சமயம் எதிர்த்த வரலாறு பழையது. 1929-இல் சாரதா சட்டம் பெண்ணின் திருமண வயதை 14 ஆக்கியபோது, சாஸ்திரம் போச்சு என்றும் மார்க்கம் போச்சு என்றும் இரு பக்கத்திலும் கூக்குரல். சட்டம் நடைமுறைக்கு வர 1930 ஏப்ரல் வரை அவகாசம் இருந்ததால், அதற்குள் முடித்துவிட வேண்டும் என்று நாடு முழுக்க அவசர அவசரமாகக் குழந்தைக் கல்யாணங்கள் நடந்தன. இன்று உங்களில் யாரும் அந்தக் கூக்குரலை நியாயம் என்று சொல்ல மாட்டீர்கள். பிலிப்பைன்ஸில் இனப்பெருக்கச் சுகாதாரச் சட்டத்தைக் கத்தோலிக்க ஆயர்கள் பல ஆண்டுகள் எதிர்த்தார்கள்; 2012-இல் அது நிறைவேறியது. எதிர்த்தவர்கள் அந்நாட்டு உச்ச நீதிமன்றத்துக்குப் போனார்கள். சில பிரிவுகளை நீக்கிவிட்டு 2014-இல் நீதிமன்றம் அதை ஏற்றது. அதே 2012-இல் அயர்லாந்தில், நம் பக்கத்து மாநிலமான கர்நாடகத்தின் பெலகாவியைச் சேர்ந்த பல் மருத்துவர் சவிதா ஹாலப்பனாவர், 17 வார கர்ப்பம் கலையத் தொடங்கி, பிழைக்காது என்று தெரிந்தபின்பும் சிசுவின் இதயம் துடிக்கிறது என்று கருக்கலைப்பு மறுக்கப்பட்டு, உடம்பெல்லாம் நோய்த்தொற்று பரவி இறந்தார். வயது 31. கத்தோலிக்கர்கள் நிறைந்த அந்த நாடு 2018-இல் 66 சதவீதத்துக்கும் மேல் வாக்களித்து அந்தத் தடையை நீக்கியது. அப்படி வாக்களித்தவர்களில் கோயிலுக்குப் போகிறவர்களும் இருந்தார்கள்.

உங்கள் மரபுகளிலேயே இரக்கத்துக்கு இடம் இருக்கிறது. போப் ஆறாம் பவுலின் அதே மடல், நோயைக் குணப்படுத்தத் தேவையான சிகிச்சையால் கருத்தரிப்பு தடைபட்டாலும் அது தவறில்லை என்கிறது. நபிகள் காலத்தில் தோழர்கள் அஸ்ல் என்ற, கருத்தரிக்காமல் இருக்க உறவின்போது விலகிக்கொள்ளும் முறையைக் கையாண்டதை ஹதீஸ் சொல்கிறது. இஸ்லாமிய அறிஞர் இமாம் கஸ்ஸாலி அதை அனுமதித்தார். எலத்தகிரியிலும் கோவிலூரிலும் பி.பள்ளிப்பட்டியிலும் பூசை வைக்கிற தந்தையர்களுக்கும், காவேரிப்பட்டினத்திலும் ஓசூரிலும் ஜும்ஆ உரை நிகழ்த்துகிற இமாம்களுக்கும் நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஆனால் இந்தப் பகுதி மட்டும் உபதேசத்தில் வருவதே இல்லையே, ஏன்?

இன்னொன்று. பாவம் என்ற பேச்சு எப்போதும் பெண்ணைப் பார்த்தே பேசப்படுகிறது. தேசியக் குடும்ப நல ஆய்வின் (2019-21) கணக்குப்படி, இந்தியாவில் மணமான பெண்களில் 37.9 சதவீதம் பேர் கருத்தடை அறுவை செய்துகொண்டவர்கள். ஆண் அறுவை 0.3 சதவீதம். வாசக்டமி என்ற அந்த ஆண் அறுவைக்குக் கத்தியும் வேண்டாம், தையலும் வேண்டாம், சில நிமிட வேலை. வயலில் மூட்டை தூக்குகிறவன் தெம்பு போய்விடும் என்று நம்புகிறான். ‘அது பொய், தெம்பு போகாது’ என்ற வார்த்தை உங்கள் வாயிலிருந்து வந்தால் நம்புவான். நான் சொன்னால் சிரிப்பான்.

சரி, என்ன செய்யச் சொல்கிறேன்? முதலாவது, கல்யாணம். மலைப்பகுதிகளில் இன்னும் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குத் தாலி ஏறுகிறது. சின்னக் கோயில்களில் வயதுச் சான்று கேட்பவர் இல்லை. மணமேடைக்கு முன்னால், நிக்காஹ் பதிவேட்டைத் திறக்கும் முன்னால், திருச்சபையில் கல்யாண ஓலை வாசிக்கும் முன்னால் பிறப்புச் சான்றிதழைக் கையில் வாங்கிப் பாருங்கள். 18 ஆகவில்லை என்றால் நடத்த மாட்டோம் என்று சொல்லுங்கள். குழந்தைகள் உதவி எண் 1098-க்கு ஒரு போன் போடுங்கள். பதினாறு வயதில் கர்ப்பமாகி, போலீஸ் கேஸ் ஆகிவிடும் என்று பயந்து ஆஸ்பத்திரிக்கே கூட்டிவராமல் ஒளித்துவைக்கப்பட்ட பிள்ளைகளை எனக்குத் தெரியும். கருக்கலைப்புக்காக வரும் சிறுமியும் பெற்றோரும் கேட்டுக்கொண்டால், குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டப்படி போலீசுக்குக் கொடுக்கும் தகவலில் அவள் பெயரை மருத்துவர் வெளியிட வேண்டியதில்லை என்று 2022-இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. இதை அந்தத் தாய்மாரிடம் யார் சொல்வது? உங்கள் முன்னால்தானே அவர்கள் அழுகிறார்கள்.

அப்புறம், ஆஸ்பத்திரிக்குப் போன பெண்ணை விலக்கிவைக்காதீர்கள். நற்கருணை மறுப்பதும், ஊர்க்கூட்டத்தில் பெயர் சொல்லி ஏசுவதும் வேண்டாம்.

திருச்சபைகளில் திருமணத்துக்கு முன் தயாரிப்பு வகுப்பு நடக்கிறது. அதில் ஒரு மணி நேரம் உங்கள் பகுதிச் செவிலியருக்குக் கொடுங்கள். இயற்கை முறை ஒன்றைத்தான் ஏற்பீர்கள் என்றால் அதையாவது சரியாகச் சொல்லித்தருவோம். மாதவிலக்கு நாட்களை எண்ணத் தெரியாமலே அந்த முறையை நம்பியிருக்கும் பெண்கள் அதிகம். பள்ளிவாசல் மண்டபத்திலும் கோயில் சத்திரத்திலும் பெண்களை மட்டும் கூட்டி, ஆண்களை இன்னொரு நாள் கூட்டி, இதேபோல் நடத்தலாம். துணைச் சுகாதார நிலையத்துக்கு ஒரு வார்த்தை சொல்லி அனுப்பினால் வருவார்கள். நானும் கூட வருகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கிராம சுகாதாரச் செவிலியர்,
தேன்கனிக்கோட்டை வட்டம், கிருஷ்ணகிரி மாவட்டம்