வாரத்தை முதலில் முடிவு செய்யுங்கள், நகரத்தை அப்புறம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஐரோப்பாவில் வாழும் வாசகர்களுக்காக உங்கள் ஞாயிறு இணைப்பில் இலையுதிர்காலச் சுற்றுலா பற்றி வந்த பக்கத்தில் படங்கள் கண்ணைப் பறித்தன. பிராக், வெனிஸ், ரோம், வியன்னா, லிஸ்பன் எல்லாமே பொன்னிறத்தில் இருந்தன. ஆனால் எந்த ஊருக்கு எந்த வாரம் போவது என்று ஒரு வரிகூட அதில் இல்லை. பத்து நாள் தங்குகிறவருக்கு ஒரு நாள் மழையில் போனாலும், ஒரு நாள் அருங்காட்சியகம் பூட்டியிருந்தாலும் பாதகமில்லை. வெள்ளிக்கிழமை போய் ஞாயிற்றுக்கிழமை திரும்புகிறவருக்கு அது பயணத்தில் மூன்றில் ஒரு பங்கு. அதனால் சில விவரங்களை எழுதத் தோன்றியது.

அக்டோபர் கடைசி ஞாயிறு அதிகாலையில் ஐரோப்பாவின் பெரும்பாலான நாடுகளில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் திருப்பி வைக்கிறார்கள். இலையுதிர்காலத்தை இரண்டாகப் பிளப்பது இந்த ஞாயிறுதான். வியன்னாவில் அக்டோபர் 10 வாக்கில் சூரியன் மாலை ஆறே காலுக்குப் பிறகு மறையும். நவம்பர் 1 அன்று 4.40-க்கே மறைந்துவிடும். போலந்தின் கிராகோவ் இன்னும் வடகிழக்கே இருப்பதால் அங்கே 4.20. அதே நவம்பர் 1 அன்று லிஸ்பனில் 5.35, ஸ்பெயினின் செவில்லில் 6.20. செவில் இருப்பது கிரீன்விச்சுக்கு மேற்கே. ஆனால் ஸ்பெயின் பெர்லின் நேரத்தைப் பின்பற்றுகிறது. அதனால் அங்கே கடிகாரப்படி சூரியன் தாமதமாக மறைகிறது. அந்தப் பொருத்தமின்மையின் லாபம் பயணிக்கு. ஹோட்டலில் சாவகாசமாகச் சிற்றுண்டி முடித்துப் பத்து மணிக்கு வெளியே இறங்கும் குடும்பத்துக்கு, நவம்பர் தொடக்கத்தில் கிராகோவில் கிடைக்கும் வெளிச்சம் ஆறு மணி நேரத்துக்குச் சற்று அதிகம். செவில்லில் எட்டு மணி நேரத்துக்கு மேல். எனவே என் கணக்கு எளிது. கடிகாரம் மாறுவதற்கு முன்னால் வியன்னா, பிராக், கிராகோவ் போன்ற நடு ஐரோப்பிய ஊர்கள். மாறிய பின் செவில், லிஸ்பன் போன்ற தென்மேற்கு ஊர்கள். உங்கள் பக்கத்தில் எல்லாவற்றையும் ஒரே பட்டியலில் கலந்து போட்டிருந்தீர்கள்.

முன்பாதிக்கு ஓர் ஊரைத்தான் சொல்ல வேண்டுமென்றால் நான் வியன்னாவைச் சொல்வேன், பிராக்கை அல்ல. பிராக்கில் எல்லாக் கூட்டமும் சார்லஸ் பாலத்துக்கும் பழைய நகரச் சதுக்கத்துக்கும் நடுவே நெரியும். வியன்னாவில் அது ஊரெங்கும் பரவிவிடும். இன்னொரு காரணம், வியன்னாவின் பெரிய ஈர்ப்பான அரசு ஓப்பரா (இசைநாடக அரங்கு) ஜூலை, ஆகஸ்டில் மூடியிருக்கும். கோடையில் போகிறவர்கள் கட்டடத்தைத்தான் பார்த்துவிட்டு வருகிறார்கள். செப்டம்பரில்தான் பருவம் தொடங்குகிறது. உட்காரும் இருக்கைக்கு விலை நூறு யூரோவைத் தாண்டினாலும், நின்று பார்க்க நானூறுக்கு மேற்பட்ட இடங்கள் உண்டு. அவற்றை அன்றன்று மிகக் குறைந்த விலைக்கு விற்கிறார்கள். உள்ளே போனதும் உங்கள் முன்னால் இருக்கும் கம்பியில் கழுத்துத் துணியைக் கட்டி வைத்துவிட்டால் அது உங்கள் இடம், நம்மூர் பஸ் சீட்டில் துண்டு போடுவதுபோல. இடைவேளையில் தைரியமாக வெளியே போய் வரலாம். நான்கு மணி நேரம் ஓடும் வாக்னரின் ஓப்பராவைத் தேர்ந்தெடுத்துவிடாதீர்கள். நிற்கப்போவது உங்கள் கால்.

விமான நிலையத்திலிருந்து ஊருக்குள் வர, பச்சை நிறத்தில் விளம்பரம் செய்யும் சிட்டி ஏர்போர்ட் ரயில் 16 நிமிடம். சாதாரண எஸ்7 ரயில் அதே வீன் மிட்டே நிலையத்துக்கு 25 நிமிடத்தில் வரும், கட்டணம் அதைவிட வெகு குறைவு. ஒன்பது நிமிடத்துக்கு அவ்வளவு காசு கொடுப்பது வீண். ஹோட்டல் மத்திய ரயில் நிலையம் பக்கம் என்றால் நேராக ரெயில்ஜெட் என்ற விரைவு ரயிலில் ஏறுங்கள், கால் மணி நேரம்தான்.

அக்டோபர் 26 ஆஸ்திரியாவின் தேசிய நாள். கடைகள் பூட்டியிருக்கும். அங்கே ஞாயிற்றுக்கிழமையும் சூப்பர் மார்க்கெட் திறக்காது. 2026-இல் 26ஆம் தேதி திங்கட்கிழமை வருகிறது, அதாவது இரண்டு நாள் தொடர்ந்து கதவடைப்பு. குழந்தைக்குப் பால் வேண்டுமென்றால் பெரிய ரயில் நிலையங்களுக்குள் இருக்கும் கடைகள்தான் கதி. அங்கே வரிசையும் நீளம். சனிக்கிழமை மாலை ஆறு மணிக்கு முன் வாங்கி வைத்துவிடுவது புத்திசாலித்தனம். அந்தப் பருவத்தில் சாலையோரத்தில் சுட்ட செஸ்ட்நட் விற்பார்கள், வாங்கலாம். ஷ்டுர்ம் என்று பாதி நொதித்த திராட்சைச் சாறும் விற்பார்கள். அது புட்டியிலும் நொதித்துக்கொண்டே இருப்பதால் வாயை இறுக்கி மூடமாட்டார்கள். பையில் படுக்க வைத்தால் துணியெல்லாம் நாசம். ஊருக்குக் கொண்டுவரும் பொருள் அல்ல அது. புரட்டாசி விரதம் இருக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை: ஃபிரிட்டாட்டன்சுப்பே என்ற சூப்பில் மிதப்பது தோசைத் துண்டு மாதிரியான அப்பம்தான் என்று சைவமாக நினைத்துவிட வேண்டாம். அது பெரும்பாலும் மாட்டெலும்பு ரசத்தில் செய்வது.

பின்பாதிக்கு செவில். ஜூலையில் 40 டிகிரிக்கு மேல் கொதிக்கும் ஊர், நவம்பரில் பகலில் 20 டிகிரி அளவில் இருக்கும். அல்காசர் அரண்மனைக்கு நேரம் குறித்த டிக்கெட்டை முன்பே எடுக்க வேண்டும். டிக்கெட்டில் உள்ள பெயரும் கையில் உள்ள பாஸ்போர்ட்டும் ஒத்துப்போக வேண்டும். குளிர்கால நேரப்படி மாலை ஐந்து மணிக்கே மூடிவிடுவதால் அதைக் காலைக்கு வையுங்கள். பேராலயத்தில் ஞாயிறு காலை வழிபாடு நடக்கும், பார்வையாளர்களுக்குப் பிற்பகலில்தான் அனுமதி. இந்த இரண்டையும் தெரியாமல் திட்டம் போடுகிறவர்கள் ஞாயிறு காலை பேராலயத்தின் பூட்டிய வாசலில் நிற்பார்கள், மாலையில் அல்காசரின் பூட்டிய வாசலில் நிற்பார்கள். பேராலயத்தை ஒட்டிய கிரால்டா கோபுரத்துக்குள் படிக்கட்டு கிடையாது. மேலே கொஞ்சம் தவிர முழுக்க 35 சரிவுப் பாதைகள். முழங்கால் வலி உள்ள பெரியவர்களும் மெல்ல ஏறிவிடலாம்.

செவில்லில் சாப்பாட்டு நேரம்தான் நம்மவர்களைத் திண்டாட வைக்கும். மதியச் சாப்பாடு இரண்டு மணிக்கு, இரவுச் சாப்பாடு ஒன்பதுக்கு. நாலு மணியிலிருந்து எட்டரை வரை நல்ல உணவகங்களில் அடுப்பு அணைந்திருக்கும். அந்த நேரத்தில் திறந்திருப்பவை பெரும்பாலும் சுற்றுலாப் பயணிகளைக் குறிவைத்தவை. எஸ்பினாகாஸ் கோன் கர்பான்சோஸ் என்று பசலைக்கீரையும் கொண்டைக்கடலையும் சீரகத்தோடு சேர்த்துச் செய்வது அந்த ஊரின் சொந்தப் பண்டம், சைவம். சால்மொரேஹோ என்ற தக்காளிக் கூழும் நன்றாக இருக்கும். ஆனால் மேலே பன்றித் தொடை இறைச்சியையும் முட்டையையும் தூவித்தான் கொண்டுவருவார்கள், வேண்டாமென்றால் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். கிரானடா நகரின் அல்ஹாம்ப்ரா கோட்டை அரண்மனையையும் இதே மூன்று நாளில் சேர்க்கலாமா என்று கேட்பவர்கள் உண்டு. வேண்டாம். போக வர அதுவே ஒரு முழுநாள். அக்டோபர் 15 முதல் மார்ச் முடியும் வரை மாலை ஆறுக்கு மூடுகிறார்கள், அதற்குள் இருக்கும் நாஸ்ரிட் அரண்மனைக்குக் குறித்த நேரம் தவறினால் உள்ளே விடமாட்டார்கள்.

இனி மழை. இத்தாலி என்றால் வெயில் என்ற நம்பிக்கையை அக்டோபருக்குப் பிறகு விட்டுவிடுவது நல்லது. கோடை முழுவதும் சூடேறிய மத்தியதரைக்கடல் மெதுவாகத்தான் ஆறும். மேலே குளிர்ந்த காற்று வந்து சேரும்போது அந்த ஈரமெல்லாம் கடலோரத்தில் கொட்டும். ரோமில் நவம்பர் மழை லண்டனின் நவம்பர் மழையைவிட அதிகம். நாட்கள் குறைவு, பெய்தால் குடை தாங்காது. ஸ்பெயினின் கிழக்குக் கரையிலும் இதே கதைதான். 2024 அக்டோபர் 29 அன்று வலென்சியா வட்டாரத்தில் 200-க்கு மேற்பட்டோர் உயிரைக் கொண்டுபோன வெள்ளம் இப்படி வந்ததே. அந்தக் கரைக்குப் போவதாக இருந்தால், வானிலை எச்சரிக்கை சிவப்பு நிறத்தில் வந்தால் அறையைவிட்டு இறங்காதீர்கள்.

வெனிஸுக்கு நம்ம வீட்டுத் தினசரி நாட்காட்டியே உதவும். அங்கே நீர் ஏறுவது அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய பெரிய ஓதத்தோடு தெற்கிலிருந்து சிரோக்கோ காற்றும் சேரும்போதுதான். அக்டோபர் முதல் ஜனவரி வரை இது நடக்கும். தீபாவளி அமாவாசையை ஒட்டி வருவதால், தீபாவளி விடுமுறைக்கு வெனிஸ் போகிறவர்கள் இதைக் கணக்கில் வைக்க வேண்டும். 2020 அக்டோபரிலிருந்து மோசே என்ற 78 கதவுகள் கொண்ட கடல் தடுப்பு வேலை செய்கிறது. 2019-இல் 187 சென்டிமீட்டருக்கு ஏறியதுபோல் இனி ஊர் மூழ்காது என்று நம்பலாம். ஆனால் வழக்கமாக 110 சென்டிமீட்டர் வரும் என்று கணித்தால்தான் அந்தக் கதவுகளை எழுப்புகிறார்கள். செயின்ட் மார்க் சதுக்கமோ 80, 90 சென்டிமீட்டரிலேயே நனையத் தொடங்கிவிடும். இடைப்பட்ட அளவில் சதுக்கத்தில் மட்டும் தண்ணீர் நிற்கும், பலகைப் பாதை போடுவார்கள், இரண்டு மூன்று மணி நேரத்தில் வடிந்துவிடும். அதற்காகப் பயணத்தை ரத்து செய்ய வேண்டியதில்லை. சக்கரப் பெட்டிக்குப் பதில் தோள்பை போதும்.

சனி, ஞாயிறோடு வெள்ளியைச் சேர்ப்பதா, திங்களைச் சேர்ப்பதா? இங்கிலாந்தில் ஆகஸ்ட் கடைசித் திங்களுக்குப் பிறகு கிறிஸ்துமஸ் வரை பொது விடுமுறையே இல்லை, ஏதாவது ஒரு நாள் லீவு போட்டுத்தான் ஆக வேண்டும். ஃபுளோரன்ஸின் உஃபீசி, அக்காதெமியா கலைக்கூடங்கள் திங்கள் மூடல். லிஸ்பனின் ஜெரோனிமோஸ் மடாலயமும் அப்படியே. அங்கெல்லாம் வெள்ளிதான். பாரிஸில் லூவர் அருங்காட்சியகம் செவ்வாயும், ஓர்சே அருங்காட்சியகம் திங்களும் மூடல் என்பதால் ஞாயிறு ஓர்சே, திங்கள் லூவர் என்று வைத்தால் சரியாக வரும். வாடிகன் அருங்காட்சியகம் மாதத்தின் கடைசி ஞாயிறு தவிர மற்ற ஞாயிறுகளில் திறப்பதில்லை. அந்தக் கடைசி ஞாயிறு இலவசம், கூட்டம் சொல்லி மாளாது. பிராக்கின் யூத அருங்காட்சியகமும் அதைச் சேர்ந்த பழைய கல்லறைத் தோட்டமும் சனிக்கிழமைகளிலும் யூதப் பண்டிகை நாட்களிலும் மூடல், அந்தப் பண்டிகைகள் வரிசையாக வருவதோ செப்டம்பர், அக்டோபரில். பிராக் போகிறவர்கள் முதலில் சரிபார்க்க வேண்டியது இது. செக் நாட்டில் அக்டோபர் 28-உம் விடுமுறை, 200 சதுர மீட்டருக்கு மேற்பட்ட கடைகள் சட்டப்படி திறக்கக் கூடாது.

ஹோட்டல் விலை திடீரென்று இரட்டிப்பாகத் தெரிந்தால் ஊரில் ஏதோ நடக்கிறது என்று பொருள். முனிச்சில் அக்டோபர்ஃபெஸ்ட் என்ற பீர் திருவிழா பெயருக்குத்தான் அக்டோபர், பெரும்பகுதி செப்டம்பரில். ஃபிராங்க்ஃபர்ட்டில் அக்டோபரில் புத்தகக் கண்காட்சி, ஆம்ஸ்டர்டாமில் அதே மாதம் நடன இசை விழா, லிஸ்பனில் நவம்பரில் வெப் சம்மிட் என்ற தொழில்நுட்ப மாநாடு. அதே ஹோட்டலுக்கு முந்தைய வாரமும் அடுத்த வாரமும் விலை பார்த்தால் புரிந்துவிடும். ஊர் வரியையும் சேர்த்துக் கூட்டுங்கள். ஆம்ஸ்டர்டாமில் அறை வாடகையில் 12.5 சதவீதம், லிஸ்பனில் தலைக்கு இரவொன்றுக்கு 4 யூரோ. முன்பதிவு விலையில் பல சமயம் இது சேர்ந்திருக்காது.

விமான நிலையத்தின் பெயரில் ஊர்ப் பெயர் இருப்பதை நம்ப வேண்டாம். பாரிஸ் போவே பாரிஸிலிருந்து 80 கிலோமீட்டருக்கு மேல், ஃபிராங்க்ஃபர்ட் ஹான் 120 கிலோமீட்டர் அளவு. மலிவு டிக்கெட்டில் மிஞ்சும் காசும் ஒரு மாலைப் பொழுதும் பேருந்திலேயே கரைந்துவிடும். கையில் இலவசமாகக் கொண்டுபோகும் பையின் அளவு மலிவு விமான நிறுவனங்களில் ஒன்றான ஈஸிஜெட்டில் 45, 36, 20 சென்டிமீட்டர். ரயன்ஏரில் 40, 30, 20. கனத்த கோட்டைப் பைக்குள் திணிக்காமல் போட்டுக்கொண்டே ஏறுவதுதான் வழி. மூடுபனியும் இந்தப் பருவத்துக்கு உரியது. கிராகோவ், மிலான் பக்கம் காலை விமானங்கள் அதில் சிக்கும். மூடுபனியால் தாமதமானால் ஐரோப்பிய விதிப்படி 250, 400 யூரோ இழப்பீடு கிடைக்காது; ஆனால் சாப்பாடும், இரவு தங்க வேண்டி வந்தால் அறையும் விமான நிறுவனம் தந்தே ஆக வேண்டும். பலர் இது தெரியாமல் சொந்தக் காசில் அறை எடுக்கிறார்கள். ஞாயிறு இரவின் கடைசி விமானத்தில் திரும்பத் திட்டமிடாமல் இருந்தால் இந்தத் தலைவலி பாதி குறையும்.

பிரிட்டனில் இந்திய, இலங்கைப் பாஸ்போர்ட்டோடு இருப்பவர்களுக்கு ஷெங்கன் விசா, அதாவது பல ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான விசா தேவை. கட்டணம் 90 யூரோ. ஆறு மாதத்துக்கு முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம், முடிவுக்கு வழக்கமாக 15 நாள், இழுத்தால் 45 நாள். அக்டோபர் பயணத்துக்கு ஜூலையிலேயே நேரம் வாங்கிவிடுவது பாதுகாப்பு. வியன்னாவோடு ஒரு மணி நேரத் தொலைவிலுள்ள பிராட்டிஸ்லாவாவையும் சேர்ப்பவர்கள், அதிக இரவுகள் தங்கும் நாட்டுக்குத்தான் விண்ணப்பிக்க வேண்டும். 2025 அக்டோபர் 12 முதல் எல்லையில் கைரேகையும் முகப் படமும் பதியும் முறையைப் படிப்படியாகக் கொண்டுவந்திருக்கிறார்கள். பிரிட்டிஷ் பாஸ்போர்ட் வைத்திருப்பவர்களுக்கும் இது உண்டு. முதல் முறை பதிய நேரம் பிடிக்கும். திரும்பும்போதும் வரிசை இருக்கும் என்பதால், கடைகளைச் சுற்றுவதற்கு முன் பாஸ்போர்ட் சோதனையை முடித்துவிடுங்கள்.

அடுத்த ஆண்டு இந்தப் பக்கத்தைத் திரும்பப் போடும்போது, ஒவ்வொரு ஊர்ப் படத்துக்கும் கீழே நான்கு விவரங்களை ஆசிரியர் குழு அச்சிட வேண்டுகிறேன்: அக்டோபர் 10 அன்றும் நவம்பர் 1 அன்றும் சூரியன் மறையும் நேரம், அந்த நாட்டின் பொது விடுமுறைகள், முக்கிய இடங்களின் மூடல் நாள், விமான நிலையத்திலிருந்து ஊர் நடுவுக்கு ஆகும் நிமிடங்கள். படம் கொஞ்சம் சிறிதாக வந்தாலும் பரவாயில்லை.

இப்படிக்கு,
லண்டனிலிருந்து ஒரு வாசகர்