ஊர் நலச் சங்கம்: செயலாளரின் 2025–26 ஆண்டறிக்கை

பெருமதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயற்குழு உறுப்பினர்களே, வெளியூர்களிலிருந்தும் கடல் கடந்தும் இக்கூட்டத்திற்கென வந்திருக்கும் அண்ணன்மார்களே, ஆச்சிமார்களே, அனைவருக்கும் வணக்கம். ஊருணிப் பராமரிப்பும் தெருவிளக்குப் பணியும் சென்ற ஆண்டைப் போலவே நடைபெற்றன. வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே வாசிப்பார். பூட்டிக் கிடக்கும் வீடுகளுக்குச் சூரிய மின்சக்தியில் இயங்கும் கண்காணிப்புக் கேமரா பொருத்தும் பணியே இவ்வாண்டு செயற்குழுவின் நேரத்தைப் பெரிதும் எடுத்துக்கொண்டதால், அறிக்கையும் அதைப் பற்றியே அமைகிறது.

நம் ஊரின் பெரிய வீடுகள் பல முன்னோர் வழிபாடான படைப்புக்கும் கல்யாணத்துக்கும் மட்டுமே திறக்கப்படுகின்றன. பர்மாத் தேக்கு நிலைகளுக்கும் செதுக்குக் கதவுகளுக்கும் பழம்பொருள் சந்தையில் இருக்கும் விலை அனைவரும் அறிந்ததே. மின்கட்டணத்தை எந்தப் பங்காளி கட்டுவது என்ற பேச்சு முடியாமல் சில வீடுகளில் இணைப்பே துண்டிக்கப்பட்டுள்ளது. இணைப்பு உள்ள வீடுகளிலும், தாத்தா காலத்து வயரிங்கை நம்பி ஆளில்லாத இடத்தில் மெயின் சுவிட்சைப் போட்டு வைப்பது தேக்குக் கூரைக்கு நல்லதல்ல என்பதே குழுவின் கருத்து. சூரியத் தகட்டின் பக்கம் நாம் திரும்பியதற்கு இதுவே காரணம்.

கடைக்காரர்கள் முதலில் காட்டுவது படத்தின் தெளிவை. நாம் முதலில் கேட்க வேண்டியதோ மின்சாரக் கணக்கை. தகட்டோடு சேர்த்து விற்கப்படும் சிறிய கேமராக்கள் நாள் முழுதும் பதிவு செய்பவை அல்ல. ஆள் நடமாட்டத்தை உணரும்போது மட்டும் விழித்துச் சில விநாடிகள் பதிந்துவிட்டு மீண்டும் உறங்குபவை. அதனால்தான் 10,000 மில்லி ஆம்பியர்-மணி பேட்டரி, அதாவது சுமார் 37 வாட்-மணி, அவற்றுக்குப் பல நாள் தாங்குகிறது. இடைவிடாத பதிவு வேண்டுமெனில், 5 வாட் எடுக்கும் கேமராவுக்கு ஒரு நாளைக்கு 120 வாட்-மணி தேவை. நல்ல வெயிலை நாளுக்கு 4 முதல் 5 மணி நேரம் என்று கொண்டாலும், இழப்புகளையும் சேர்த்துப் பார்த்தால் 40 வாட்டுக்குக் குறையாத தகடு வேண்டும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் மூன்று நாள் தாக்குப்பிடிக்க 12 வோல்ட், 30 ஆம்பியர்-மணி பேட்டரியும் வேண்டும். முகப்புக்கு இவ்வளவு செலவு செய்யலாம். பின்கட்டுக்கும் சந்துக்கும் சிறியதே போதும்.

அடுத்தது சிக்னல். ஒரு தெருவில் தொடங்கி மறு தெருவில் முடியும் வீட்டில், முகப்பில் வைத்த வைஃபை ரவுட்டரின் அலை கனத்த சுண்ணாம்புச் சுவர்களைத் தாண்டி அடுப்படிக் கட்டை எட்டுவதில்லை. ஆகவே பின்புறத்துக்கு சிம் போடும் 4ஜி கேமராவையே பரிந்துரைக்கிறோம். வாங்குவதற்கு முன், கேமரா வரப்போகும் அதே இடத்தில் கைபேசியை வைத்து, எந்த நிறுவனத்தின் சிம் அங்கே எடுக்கிறது என்று மாலை நேரத்தில் பார்த்துக்கொள்ள வேண்டும். 2025 ஏப்ரல் முதல் மத்திய அரசின் பாதுகாப்பு விதிகள் சிசிடிவி கேமராக்களுக்கு நடைமுறையில் இருப்பதால், இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் (பி.ஐ.எஸ்.) பதிவெண் இல்லாத மலிவுப் பெட்டிகளைத் தவிர்க்குமாறும் கேட்டுக்கொள்கிறோம்.

பொருத்தும் ஆட்களிடம் குழு விதித்த முதல் நிபந்தனை, சுண்ணாம்பில் முட்டை வெண்கரு சேர்த்து மெருகேற்றிய முட்டைப் பூச்சுச் சுவரில் துளையிடக் கூடாது என்பது. அந்தப் பூச்சு ஒருமுறை விரிசல் கண்டால் அதே மெருகில் திரும்பப் பூசும் கொத்தனார்கள் அரிதாகிவிட்டார்கள். தூணையோ ஜன்னல் கம்பியையோ பிடிக்கும் கவ்வியே போதும். கைப்பிடிச் சுவரின் சுதைச் சிற்பங்களின் மேலும் எதையும் கட்டக் கூடாது. காரைக்குடிப் பகுதி ஏறத்தாழ 10 பாகை வட அட்சரேகையில் இருப்பதால் தகட்டைத் தெற்கு நோக்கி லேசாகச் சாய்த்தால் போதும். தூசி மழையில் வழிந்தோட 15 பாகை வரை சாய்க்கலாம். தென்னங்கீற்றின் நிழல் தகட்டின் ஒரு மூலையில் விழுந்தாலும், செல்கள் தொடராக இணைக்கப்பட்டிருப்பதால் முழுத் தகட்டின் உற்பத்தியும் கணிசமாகக் குறையும்.

கேமராவை ஏழிலிருந்து பத்தடி உயரத்தில், வருபவர் அதை நோக்கி நேராக நடக்காமல் குறுக்கே கடக்கும்படி வைப்பது நல்லது. உடல் வெப்பத்தை உணரும் சென்சார் குறுக்கு அசைவையே எளிதில் பிடிக்கும். சித்திரை மதியத்தில் சுவரும் மனித உடலும் ஏறக்குறைய ஒரே சூட்டில் இருப்பதால் அந்தச் சென்சார் தவறவிடவும் கூடும். லித்தியம் பேட்டரி 45 பாகை செல்சியசுக்கு மேல் சார்ஜ் ஆவது அதன் ஆயுளைக் குறைக்கும். எனவே தகடு வெயிலிலும் கேமரா தாழ்வாரத்து நிழலிலும் இருக்குமாறு இரண்டையும் கேபிளால் பிரித்து வைக்கச் சொல்லியிருக்கிறோம். விடியற்காலையில் மயில் இறங்கினால்கூட சிங்கப்பூரில் இருப்பவரின் கைபேசி அலறுகிறது என்ற புகார் வந்தது. மனிதரை மட்டும் அறியும் வசதியை இயக்கிய பிறகு அது பெரும்பாலும் நின்றது; மயில்கள் வருவது நிற்கவில்லை.

கேமரா வந்தபின் காவலர் எதற்கு என்று சிலர் கேட்டனர். எச்சரிக்கை கோலாலம்பூருக்குப் போய் என்ன பயன்? ஐந்து நிமிடத்தில் தலைவாசலுக்கு வந்து நிற்கக்கூடிய ஒருவரின் எண்ணும் செயலியில் இருக்க வேண்டும் என்பதில் குழு உறுதியாக உள்ளது. எதிர்வீட்டுத் திண்ணையோ ஊருணிப் படித்துறையோ படத்தில் விழக் கூடாது. பதிவு வழக்குக்குச் சான்றாக வேண்டுமெனில், 2024 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாட்சிய சட்டத்தின் 63ஆம் பிரிவின்படி சான்றிதழ் தேவைப்படும்; ஆகையால் மெமரி கார்டை அவசரத்தில் அழித்துவிடாமல் அப்படியே காவல் நிலையத்தில் ஒப்படைக்க வேண்டும்.

சிம் ரீசார்ஜுக்கான தொகையை ஆண்டுச் சந்தாவோடு சேர்த்து வசூலிப்பது குறித்த தீர்மானம் இக்கூட்டத்தின் முன் வைக்கப்படுகிறது. பங்கு வீடுகளைப் பொறுத்தவரை, எல்லாப் பங்காளிகளும் கையொப்பமிட்ட இசைவுக் கடிதம் வந்த பிறகே பணி தொடங்கும். கடிதத்தின் படிவம் வாசலில் பொருளாளரின் மேசையில் உள்ளது.