மேட்ரன் கிணறு வரை கூட வந்தவர்களுக்கு

அன்புள்ள அனைவருக்கும்,

போன மே மாதம் இங்கிலாந்தின் கார்ன்வாலில், பென்சான்ஸுக்குப் பக்கத்தில் இருக்கும் மேட்ரன் புனிதக் கிணற்றுக்கு நடந்தே போய் வந்தேன். முழங்கால் அறுவைச் சிகிச்சை முடிந்து எட்டாவது மாதம். தனியாகப் போயிருந்தால் பாதி வழியில் உட்கார்ந்திருப்பேன். உங்களில் சிலர் பெயர்கூட எனக்குத் தெரியாது, அதனால்தான் இப்படிப் பொதுவில் எழுதுகிறேன்.

முதலில் என் நான்கு நண்பர்களுக்கு. மென்-அன்-டோல் ஓட்டைக் கல்லிலிருந்து கிளம்பியது முதல் என் நடைக்கு ஏற்றபடியே நடந்தீர்கள். ஒருவரும் அதைச் சொல்லிக் காட்டவில்லை. நிறுத்திய கற்களின்மேல் பெரிய கல்லை மூடி வைத்த பழங்காலக் கல்லறையான லன்யன் குவாய்ட்டின் மூடுகல்லுக்கு அடியில் மழைக்கு ஒதுங்கினோமே, அப்போது அது 1815-இல் புயலில் சரிந்து 1824-இல்தான் மறுபடி நிறுத்தப்பட்டது என்று ஒருத்தி சொன்னாள். "கல்லுக்கே ஒன்பது வருஷம் ஆச்சு, உனக்கு எட்டு மாசம்தானே ஆகுது" என்றாள். அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் மீதி வழியை நடந்தேன்.

கிணற்றுப் பாதை முழுக்கச் சேறு. ஷூ நனைந்து நின்றபோது தன் காரிலிருந்து ரப்பர் பூட்ஸ் எடுத்துக் கொடுத்த தம்பிக்கு என் நன்றி. ஒரு அளவு பெரிதுதான், ஆனாலும் வழுக்கவில்லை.

அப்புறம், நாய்க்குட்டியோடு வந்த அந்தப் பாட்டிக்கு. கிணறு சதுப்புக்குள் மறைந்திருக்கிறது, அதைத் தேடிக் காலைக் கெடுத்துக்கொள்ளாதே என்று சொல்லி, எங்களைப் பக்கத்தில் இடிந்து கிடக்கும் பழைய சிறு தேவாலயத்துக்கு அழைத்துப்போனீர்கள். கூரை இல்லை. பாசி படிந்த கருங்கல் சுவர்கள், நடுவில் சதுரக் குழி வெட்டிய பலிபீடக் கல், மூலையில் ஊற்றுநீர் வந்து சேரும் சின்னத் தொட்டி. அதில் கையை நனைத்தேன், குளிர் எலும்பு வரை ஏறியது. ஜான் டிரெலிலின் கதையை அங்கேதான் சொன்னீர்கள். பதினாறு ஆண்டுகள் கைகளை ஊன்றி ஊர்ந்தவன், கனவில் வந்த சொல்லைக் கேட்டு இந்த நீரில் குளித்து எழுந்து நடந்தான். எக்ஸிட்டர் ஆயர் ஜோசப் ஹால் அதைத் தானே விசாரித்து எழுதி வைத்தார். நடந்தது எதுவாக இருந்தாலும், வலித்த காலோடு அந்தச் சுவரில் சாய்ந்து கேட்டபோது எனக்குக் கண் கலங்கியது.

வெளியே மரக்கிளைகள் முழுக்க வேண்டுதல் துணிகள். நான் கொண்டுபோன நைலான் ரிப்பனை எடுத்ததும் மெதுவாக என் கையைப் பிடித்தீர்கள். துணி மக்க மக்கத்தான் நோயும் கரையும் என்பது இங்குள்ள நம்பிக்கை. நைலான் மக்காது, கிளையைத்தான் இறுக்கும் என்றீர்கள். உங்கள் பருத்திக் கைக்குட்டையை அங்கேயே கிழித்துப் பாதியைக் கொடுத்தீர்கள். ஓரத்தில் நீல நூலில் பூவேலை செய்த கைக்குட்டை அது. அதை நனைத்துக் கட்டும்போது என் கை நடுங்கியது, முடிச்சைப் போட்டதும் நீங்கள்தான்.

இப்போது படி இறங்கும்போது கைப்பிடியைத் தொடுவதில்லை. அதற்காக என் பிசியோதெரபிஸ்டுக்கும் கோடி நன்றி.

பாட்டி, அடுத்த மே மாதம் அந்தத் துணி மக்கியிருக்கிறதா என்று பார்க்க வருகிறேன். நீங்களும் கூட வாருங்கள்.

அன்புடன்,
பூட்ஸைத் திருப்பித் தராமல் வந்துவிட்டவள்