ஒயர் எரித்த நிலத்தைச் சோதித்து வெட்டிவேர் நட்டுத் தரக் கோரும் மனு

அனுப்புநர்:
தெருக் குடியிருப்போர்,
வடசென்னை.

பெறுநர்:
மாவட்ட ஆட்சியர் அவர்கள்,
சென்னை மாவட்டம்.

பொருள்: மின்னணுக் கழிவால் கெட்ட புறம்போக்கு நிலத்தைச் செடிகள் மூலம் சீர்செய்தல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மா,

வணக்கம். எங்கள் தெருக்கோடிப் புறம்போக்கில் பல வருடங்களாக ராத்திரியில் ஒயர் எரித்துச் செம்பு எடுத்தார்கள். கம்ப்யூட்டர் போர்டுகளை ஆசிட்டில் ஊறப்போட்டு, மிச்சத்தை அங்கேயே கொட்டினார்கள். இப்போது எரிப்பு நின்றுவிட்டது, மண் அப்படியே கிடக்கிறது. ஒரு சாண் தோண்டினால் கரிந்த பிளாஸ்டிக், போர்டில் பாகங்களைப் பற்றவைக்கும் சால்டர் உருண்டை, பழைய டிவிக் கண்ணாடிச் சில்லு எல்லாம் கையில் வருகின்றன. பிள்ளைகள் அதன் மேல்தான் கிரிக்கெட் ஆடுகிறார்கள். சால்டரிலும் அந்தக் கண்ணாடியிலும் ஈயம் உண்டு. அது மக்கிப் போகிற பொருள் அல்ல.

சுற்றுச்சூழல் பாதுகாப்பு (மாசுபட்ட இடங்கள் மேலாண்மை) விதிகள், 2025இன்படி சந்தேகத்துக்குரிய இடங்களைப் பட்டியலிட்டு அனுப்புவது மாவட்ட நிர்வாகத்தின் பொறுப்பு. எங்கள் நிலத்தையும் அதில் சேர்த்து, மண்ணையும் பக்கத்துக் கைபம்புத் தண்ணீரையும் சோதிக்க உத்தரவிட வேண்டுகிறோம். முடிவு வரும்வரை இடத்தைப் பூட்டி வைத்தால் போதும்.

அப்புறம்தான் செடி. மிகவும் கெட்ட மேல்மண்ணை வெட்டி எடுத்துவிட்டு, மீதியில் வெட்டிவேர் நடலாம். அது ஈயத்தைப் பெரும்பாலும் வேரிலேயே பிடித்து வைக்கும். புழுதி பறக்காது, மழையில் மண் அரிக்காது. கடுகும் சூரியகாந்தியும் உலோகத்தைத் தண்டு, இலை வரை இழுப்பவை, திரும்பத் திரும்ப விதைத்து அறுக்க வேண்டும். வருடக்கணக்கில் ஆகும் என்று தெரிந்தேதான் கேட்கிறோம். ஈயம் சுலபத்தில் செடிக்குள் ஏறாது என்பதால் உலோகத்தைக் கரையவைக்கும் இ.டி.டி.ஏ. என்ற ரசாயனத்தை மண்ணில் கலப்பதுண்டு. அது ஈயத்தை நிலத்தடி நீருக்கும் இறக்கிவிடும். கைபம்பு உள்ள இடத்தில் அது வேண்டவே வேண்டாம்.

எங்கள் பெரிய பயம் வேறு. யாராவது அந்த வெட்டிவேரைப் பிடுங்கி விற்றால், அது ஏதோ ஒரு வீட்டின் தண்ணீர்ப் பானைக்குள் போய்விடும். கடுகு என்றால் தாளிப்புக்கு. ஆகவே ஆடுமாடு நுழையாத வேலியும் எச்சரிக்கைப் பலகையும் முதலிலேயே வேண்டும். அறுத்த செடியை எரிக்காமல், உரக்குழியில் போடாமல், அபாயக் கழிவாகக் கணக்கெழுதிக் கும்மிடிப்பூண்டியில் உள்ள அபாயக் கழிவு நிலையத்துக்கு அனுப்ப வேண்டும்.

எரித்தவர்களும் எங்கள் பகுதிக் கூலிகள்தான். அவர்கள் மேல் வழக்குப் போடச் சொல்லி இந்த மனு இல்லை. அவர்களுக்கும் பிள்ளைகளுக்கும் ரத்தத்தில் ஈய அளவு பார்க்க ஒரு முகாம் நடத்திக் கொடுங்கள். வேலிக் காவலை நாங்கள் முறைவைத்துப் பார்த்துக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
தெருக் குடியிருப்போர்
(கையொப்பங்கள் இணைப்பில்)