எங்கள் ரிமோட் டேங்க் சங்கத்தின் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும், பொருளாளர் அவர்களுக்கும், ரிமோட்டில் ஓடும் மாதிரி டேங்குகளைச் செய்து ஓட்டும், குடும்பத்தோடு வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

செயற்குழு மாதந்தோறும் தவறாமல் கூடியது. வரவு செலவைப் பொருளாளர் தனியே வாசிப்பார். ஐப்பசி, கார்த்திகையில் மைதானம் சேறாகிவிட்டதால், அந்த ஞாயிறுகளில் அறைக்குள் பழுது பார்த்தோம். மற்றபடி இந்த ஆண்டு நம் சங்கத்தை அதிகம் வேலை வாங்கியது பேட்டரிதான்.

சித்திரையில் நடந்தது பலருக்கும் நினைவிருக்கும். உறுப்பினர் ஒருவர் தம் டைகர் (ஜெர்மன்) மாதிரி டேங்கில் இருந்த பழைய நிக்கல் பேட்டரி பேக்கைக் கழற்றிவிட்டு லித்தியம் பாலிமர் பேக் போட்டார். சார்ஜரை மட்டும் மாற்றவில்லை. சார்ஜ் ஏறும்போதே பேக் பூரி போல உப்பிவிட்டது. சட்டெனப் பிடுங்கி வெளியே மணலில் போட்டோம். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அந்த மேசையைச் சுற்றிப் பிள்ளைகள் நின்றிருந்தார்கள். அதை நினைத்தால் இப்போதும் எனக்குப் பதறுகிறது.

இதில் ஏமாற்றுவது வோல்ட் கணக்கு. நிக்கல் பேக்கில் 1.2 வோல்ட் செல்கள் ஆறு, மொத்தம் 7.2. லித்தியத்தில் 3.7 வோல்ட் செல்கள் இரண்டு, மொத்தம் 7.4. ஏறத்தாழ ஒன்றுதானே என்று தோன்றும். ஆனால் லித்தியம் செல் 4.2 வோல்ட்டைத் தொட்டதும் சார்ஜ் நின்றாக வேண்டும். இரண்டு செல்களும் சமமாக ஏற வேண்டும். நிக்கலுக்கென்று செய்த சார்ஜர் இதைப் பார்க்காது. ஓட்டும்போதும் ஒரு செல் 3 வோல்ட்டுக்குக் கீழே இறங்கக் கூடாது. ஆகவே ஒவ்வொரு டேங்கிலும் வோல்ட் இறங்கினால் ஒலிக்கும் அலாரம் கட்டாயம் என்று செயற்குழு முடிவெடுத்தது. ஆளில்லாமல் சார்ஜ் போடக் கூடாது. வாரக்கணக்கில் ஓட்டாமல் வைப்பதானால் செல்லுக்கு 3.8 வோல்ட்டில் நிறுத்தி வைக்க வேண்டும். வெயிலில் நிற்கும் காருக்குள் பேக்கை விட்டுவிட்டு வராதீர்கள். அறை மூலையில் மணல் நிரப்பிய மண்தொட்டி, உப்பும் பேக்கைப் போடத்தான் இருக்கிறது. தயவுசெய்து அதில் குப்பை போட வேண்டாம்.

புதிதாகச் சேர்ந்தவர்கள், 'காரை விட டேங்க் ஏன் இவ்வளவு கரண்ட் இழுக்கிறது?' என்று கேட்கிறார்கள். கார் சக்கரத்தைத் திருப்பி வளைகிறது. டேங்க் ஒரு பக்க டிராக்கை, அதாவது சங்கிலிப் பட்டையை, நிறுத்தி, மறுபக்கத்தை ஓட்டித் திரும்புகிறது. அப்போது டிராக் தரையோடு பக்கவாட்டில் உரசி இழுபடும். உலோக டிராக் மாட்டிப் புல்லில் நின்ற இடத்தில் சுழற்றினால் மோட்டார் திணறும். இப்படிச் சுழற்றியே இருவருடைய வண்டிகளில் சின்ன வெள்ளைக் கனெக்டர்கள் உருகின. தடித்த ஒயரும், அதிக கரண்ட் தாங்கும் எக்ஸ்டி 60 கனெக்டரும் வைத்துக் கொடுத்தோம். வளைவை அகலமாக எடுங்கள். பேட்டரியும் நீண்ட நேரம் வரும், பார்க்கவும் நிஜ டேங்க் போல இருக்கும்.

இந்த ஆண்டின் பெரிய மகிழ்ச்சி, நம் மூத்த உறுப்பினர் செய்து முடித்த விஜயந்தா டேங்க் மாதிரி. 1965இல் ஆவடி டேங்க் ஆலையிலிருந்து ராணுவத்துக்குப் போகத் தொடங்கிய வண்டி அது, 105 மி.மீ. பீரங்கி கொண்டது. அந்த ஆலையிலேயே வேலை பார்த்து ஓய்வு பெற்றவர் அவர். 1/16 அளவில், பிளாஸ்டிக் தகட்டை வெட்டி ஒட்டி, பீரங்கியோடு சுழலும் மேல்கோபுரத்தைக் கையாலேயே செய்தார். முதல் ஓட்டத்தில் நான் ரிமோட்டை முழுக்கத் தள்ளினேன். "மெதுவா ஓட்டுங்க தம்பி, நாப்பது டன் வண்டி அது" என்றார். நிஜ வண்டி மணிக்குச் சுமார் 50 கி.மீ. போகும், பதினாறால் வகுத்தால் 3 கி.மீ. சொச்சம், சின்னப் பிள்ளை நடக்கிற வேகம். அதற்கேற்பக் கியர் பாக்ஸை மாற்றினார். மேட்டில் அது முக்கி ஏறி, உச்சியில் ஒரு கணம் நின்று, மூக்கைத் தாழ்த்தி இறங்கியபோது மைதானமே அமைதியானது. அதன்பின் பலரும் கியரை மாற்றித் தரச் சொல்லி அவரிடம் வண்டிகளைக் கொடுத்திருக்கிறார்கள்.

செல்களைச் சமன்செய்யும் சார்ஜர் ஒன்றைச் சங்கத்துக்குப் பொதுவாக வாங்க அனுமதி கேட்டு, இவ்வறிக்கையைப் பொதுக்குழுவின் ஒப்புதலுக்கு வைக்கிறேன்.

செயலாளர்