மாம்பழத்துக்குள் வெள்ளைப் பஞ்சு: வடசேரி கடையிலிருந்து ஒரு மடல்

அன்பு வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

போன வாரம் மூன்று வீடுகளிலிருந்து அல்போன்சா மாம்பழம் திரும்பி வந்தது. வெளியே குற்றம் சொல்ல முடியாத பழம். மஞ்சள் தோல், கடை முழுக்க மணம். வெட்டிப் பார்த்தால் அண்டியை, அதாவது கொட்டையை, ஒட்டி வெளிறிய பஞ்சு, ஊடே காற்றுப் பொந்து, வாயில் வைத்தால் புளிப்பு. "கல்லு வச்சுப் பழுக்க வச்சதைத் தந்துட்டீங்களே" என்று ஒரு அக்கா கடை வாசலிலேயே கேட்டுவிட்டார். கேட்டது நியாயம்தான். கார்பைடு கல்லுக்குத் தடை இருந்தும் ஊரில் அந்தப் பேச்சு ஓயவில்லை. ஆனால் எங்கள் பழம் வைக்கோலில் பழுத்தது. இது கல்லின் வேலை இல்லை.

இது கிருமியும் இல்லை, புழுவும் இல்லை. மரத்திலேயே தொடங்கும் கோளாறு. அல்போன்சாவை இது ரொம்பவே படுத்துகிறது. மாங்காய்ச் சதையில் இருப்பது மாவு. பழுக்கும்போது அமைலேஸ் என்ற நொதி அந்த மாவை உடைக்கும். இன்வர்டேஸ் என்ற இன்னொன்று பழத்தில் சேரும் சுக்ரோஸ் என்ற சர்க்கரையை குளுக்கோஸ், பிரக்டோஸ் என்ற சின்னச் சர்க்கரைகளாகப் பிரிக்கும். பஞ்சான இடத்தில் இந்த இரண்டும் மந்தமாகிவிடுகின்றன. அதனால் மாவு மாவாகவே நிற்கிறது, புளிப்பு இறங்குவதில்லை, நிறம் தரும் கரோட்டினும் ஏறுவதில்லை. ஒரு விரல் தள்ளி இருக்கும் சதையோ தேனாக இனிக்கும்!

படித்ததை அப்படியே நம்ப மனம் வராமல், திரும்பி வந்த பழம் ஒன்றில் புண்ணுக்குப் போடும் அயோடின் மருந்தைச் சொட்டுச் சொட்டாக விட்டேன். மஞ்சள் சதையில் அது காவி நிறமாகவே கிடந்தது. பஞ்சில் விட்ட சொட்டு கருநீலமாகிவிட்டது, சோற்றுக் கஞ்சியில் விட்டால் வருமே, அதே நிறம். (கடைப் பையன் மிச்சத்தைத் தின்னக் கை நீட்டினான், தட்டிவிட்டேன்.)

காரணம் தரையிலிருந்து எழும் வெக்கை என்று முதலில் சொன்னார்கள். மரத்தடி மண்ணை இலைதழையால் மூடி மூடாக்குப் போட்டால் கொஞ்சம் குறைவதும் உண்மை. பெங்களூரு தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையத்தார் விதையையே கைகாட்டுகிறார்கள்: மாங்கொட்டைக்கு உறக்கம் கிடையாது, பழம் மரத்தில் இருக்கும்போதே முளைக்க ஆயத்தமாகி, சுற்றியுள்ள சதையைக் கெடுக்கிறது. பஞ்சு எப்போதும் அண்டியை ஒட்டியே இருப்பதைப் பார்த்தவன் என்பதால் எனக்கும் இதுதான் சரியாகப் படுகிறது. மரத்திலேயே பழுக்கவிட்ட பழத்தில்தான் இது அதிகம். 'மரத்தில் பழுத்தது' என்று கூவி விற்றவன் நானும்தான்.

இனி முக்கால் பக்குவத்தில் பறித்த அல்போன்சா மட்டுமே எடுப்போம். அப்படியும் ஒன்றிரண்டு தப்பி வரும். எக்ஸ்ரே எடுத்தால் உள்ளே இருப்பது தெரியுமாம், பழக்கடையில் அதற்கு எங்கே போவது? பஞ்சு கண்டால் வெட்டிய பழத்தை அப்படியே கொண்டுவாருங்கள். போனில் படம் அனுப்பினாலும் போதும், வேறு பழம் தருவோம் அல்லது பணம் தருவோம். பில் கேட்க மாட்டோம். புளித்த வாடை இல்லையென்றால் வெள்ளைப் பகுதியைச் செதுக்கிவிட்டு மீதியைச் சாப்பிடலாம்.

இந்த வம்பே வேண்டாம் என்பவர்களுக்கு நம்மூர் செங்கவருக்கை மாம்பழம் இருக்கிறது. நார் பல்லில் மாட்டும், அது வேறு கதை.

இப்படிக்கு,
உங்கள் பழக்கடைக்காரன்
வடசேரி, நாகர்கோவில்